தரவகத்தில் ஏறாத பேச்சு

திருக்குர்ஆனில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க நம் ஆலிம்கள் முஹம்மது புஆத் அப்துல் பாகீயின் சொல்லடைவைப் புரட்டுவார்கள். வேர்ச்சொல் வாரியாக எல்லா இடங்களும் அதில் ஒருங்கே கிடைக்கும். ஒரு சொல்லை அது வரும் இடங்களை வைத்தே விளங்கவேண்டும் என்ற இதே எண்ணத்தில் வளர்ந்ததுதான் தரவக மொழியியல். இங்கே தேடப்படுவது ஒரு நூல் அல்ல, ஒரு மொழியின் மாதிரி. தேடுவது கணினி.

1961இல் அமெரிக்காவில் அச்சானவற்றிலிருந்து 500 பகுதிகளை எடுத்து, பிரவுன் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸும் குச்செராவும் 1964இல் 10 இலட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை உருவாக்கினார்கள். தமிழுக்கு 1990களில் மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்களைத் திரட்டியது. அடுத்து லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ‘எமில்’ திட்டம் ஏறத்தாழ 2 கோடி தமிழ்ச் சொற்களைச் சேர்த்தது.

பெரிய எண்தான். ஆனால் அத்தனையும் எழுத்துத் தமிழ். அதே திட்டத்தில் உருது, இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபிக்குப் பேச்சும் பதிவானது. தமிழுக்கு இல்லை.

இதன் இழப்பு எழுவைதீவில் நின்று பார்த்தால் விளங்கும். ஊர்காவற்றுறையிலிருந்து கடல் வழியே வரவேண்டிய சின்னத் தீவு இது. இறங்குதுறையில் நான் குறித்துக்கொண்ட பேச்சு இது: “இண்டைக்குக் கடல் சரியில்லை, நாளைக்குப் போவம்.” எழுத்துத் தரவகத்தில் ‘இன்றைக்கு’, ‘போவோம்’ நிறைய வரும். ‘இண்டைக்கு’ கதைகளின் உரையாடலில் எப்போதாவது தட்டுப்படும். எண்ணிக்கையை மட்டும் நம்பினால், ஒரு தீவே நாள் முழுக்கப் பேசும் சொல் அபூர்வச் சொல்லாகிவிடும்.

நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். இலங்கை முஸ்லிம்கள் பலருக்குத் ‘தாத்தா’ என்றால் மூத்த சகோதரி. தமிழ்நாட்டு எழுத்து நிறைந்த தரவகம் பாட்டனையே காட்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவரின் நிலை இன்னும் இக்கட்டானது. அன்று இருபது வயதில் பேசியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஊர் பறிபோனது, ஊர்ப்பேச்சு அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

வழிமுறை கடினமானதல்ல. அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பேசியபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பேசியவரின் ஊர், வயது, தொழில் மூன்றையும் பக்கத்தில் குறியுங்கள். புத்தளத்தில் இருக்கும் உம்மம்மாவிடமிருந்தே தொடங்கலாம். அவர் பேச்சைத் திரட்டாமல் எந்தக் கணினியும் அதைக் கண்டுபிடித்துத் தராது.