கருப்பு டி-ஷர்ட்டை அன்லாக் பண்ண எவ்வளவு உப்பு வேணும்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)



ஆன்லைன் ஆர்பிஜி விளையாடுறவங்களுக்கு இந்த வலி தெரிஞ்சிருக்கும். ஒரு மணி நேரம் செலவழிச்சு கேரக்டரை உருவாக்குவோம். முகம், முடி, மூக்கு எல்லாம் பக்காவா செட் பண்ணுவோம். ஆனா போட்டுவிட்ட சட்டை சாக்குப்பை நிறத்துல இருக்கும். கலர் மாத்தணும்னா சாயத்தை அன்லாக் பண்ணணும். ஃபைனல் ஃபேண்டஸி 14-ல அதுக்குன்னே ஒரு குவெஸ்ட் இருக்கு. கில்டு வார்ஸ் 2-ல ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியா திறக்கணும். நல்ல அடர் கருப்பு வேணும்னா ரெண்டு கேம்லயும் விலை எகிறும்.

வரலாற்றிலும் நிறங்கள் இப்படித்தான் பூட்டிக் கிடந்தன. செடியில, வேர்ல, மண்ணுல நிறம் கண்ணுக்குத் தெரியும். ஆனா அதைத் துணியில ஏத்தி, துவைச்சாலும் போகாம நிக்க வைக்க ஒரு சாவி வேணும். கில்டு வார்ஸ் 2-ல ஒரு தடவை திறந்தா அதோட கதை முடிஞ்சுது. நிஜத்துல ஒவ்வொரு துணிக்கும் அந்தச் சாவியைப் புதுசாப் போடணும். வேலை முடிஞ்சதும் அது எங்கேயாவது போய்ச் சேரணும். எங்கே போச்சு, யார் தலையில விழுந்தது என்பதுதான் இன்னிக்கு எபிசோடு. ஆரம்பம் சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, முடிவு திருப்பூர்ல.

முதல் சாவி: காற்றை வெளியே அனுப்புறது

மனுஷன் ரொம்ப சீக்கிரமே திறந்த நிறங்கள்ல ஒண்ணு நீலம். பெரு நாட்டுல வாகா பிரியெட்டா என்ற இடத்துல கிடைச்ச பருத்தித் துணித்துண்டுகள்ல சுமார் 6,000 ஆண்டு பழைய இண்டிகோ சாயம் இருக்கிறதை 2016-ல ஆய்வாளர்கள் அறிவிச்சாங்க.

நம்ம ஊர்ல இதே நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. நம்மகிட்ட இருந்து இது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பெயரே சொல்லும். கிரேக்கர்கள் இதை 'இந்தியாவிலிருந்து வந்த பொருள்' என்கிற அர்த்தத்துல இண்டிகான்னு கூப்பிட்டாங்க. அந்தச் சொல்தான் இண்டிகோ ஆச்சு.

இதுல இருக்கிற சிக்கல் என்னன்னா, இண்டிகோ தண்ணியில கரையாது. கரையாத பொருள் நூலுக்குள்ள எப்படிப் போகும்? அதனால சுண்ணாம்பு மாதிரி காரம் சேர்த்து, தொட்டியில நொதிக்க விடுவாங்க. அதுல இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துடும். அப்போ இண்டிகோ கரைஞ்சு, மஞ்சளும் பச்சையுமா ஒரு திரவம் ஆகும். துணியை முக்கி வெளியே எடுத்தா, காத்து பட்டதும் கண்ணு முன்னாடியே பச்சை நீலமா மாறும். கேம்ல அனிமேஷன் வச்சாக்கூட இவ்வளவு அழகா இருக்காது.

இது இயற்கைச் சாயம்தானே, யாருக்கும் கெடுதல் இல்லைன்னு தோணலாம். பீகாரின் சம்பாரண் பக்கம் கேட்டா வேற பதில் வரும். அங்கே நிலத்துல 20-க்கு 3 பங்கு அவுரி போடணும்னு தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்தினாங்க. காந்தி 1917-ல அங்கே போனது அதனாலதான். அந்த நீலத்துக்கான விலையைக் கொடுத்தது விவசாயியும் அவர் நிலமும்.

இரண்டாம் சாவி: படிகாரம்

அடுத்தது சிவப்பு. மொஹஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்துல ஒட்டிக்கிட்டுக் கிடைச்ச பருத்தித் துணுக்குல, மஞ்சிட்டி வகை வேர்ச்சாயத்தோட சிவப்பு இருந்தது. தமிழ்க் கடற்கரைக்கு அந்தச் சிவப்பைக் கொடுத்தது இம்பூறல் செடி. அதோட வேருக்கு மக்கள் வச்ச பெயர் நேரடியா 'சாயவேர்'. கடற்கரை மணல்ல முளைக்கிற, பார்த்தா களைன்னு நினைச்சுப் பிடுங்கிப் போடுற மாதிரி ஒரு சின்னச் செடி. ராமேஸ்வரம் தீவும், கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரும் யாழ்ப்பாணமும் சாயவேருக்குப் பேர் போன இடங்கள்.

ஆனா வேரை மட்டும் கொதிக்க வச்சு துணியை முக்கினா, நாலு துவையல்ல சாயம் வெளுத்துடும். முதல்ல துணியைக் கடுக்காய்லயும் எருமைப்பால்லயும் ஊற வைக்கணும். அப்புறம் எங்கெல்லாம் சிவப்பு வேணுமோ அங்கெல்லாம் படிகாரத்தால வரையணும். படிகாரத்துல இருக்கிற அலுமினியம் ஒரு கையால நூலையும் மறு கையால சாயத்தையும் பிடிச்சுக்கும். வேர்ச்சாறுல முக்கினா வரைஞ்ச இடம் மட்டும் சிவக்கும். கருப்பு வேணும்னா படிகாரத்துக்குப் பதிலா இரும்புக் கரைசல்.

சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போன இந்த வண்ணத் துணிகள் ஐரோப்பாவைக் கிறுக்குப் பிடிக்க வச்சது. துவைக்கத் துவைக்கப் பொலிவாகிற துணியை அவங்க அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. உள்ளூர் நெசவாளர்கள் கொதிச்சுப் போய், பிரான்ஸ் 1686-ல அச்சிட்ட பருத்தித் துணிகளையே தடை பண்ணியது. 1759 வரை அந்தத் தடை இருந்தது. இங்கிலாந்தும் 1700-லயும் 1721-லயும் சட்டம் போட்டது.

தடை பண்ணினா மட்டும் போதுமா? எப்படிச் செய்றாங்கன்னு தெரியணுமே. 1742-ல கேர்தூ என்கிற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார், இங்கே கிறிஸ்தவத்துக்கு மாறின சாயத் தொழிலாளர்கள்கிட்ட விசாரிச்சு, கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர்னு மொத்தச் செய்முறையையும் கடிதமா எழுதி அனுப்பினார். நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோடு லீக் ஆயிடுச்சு. ஆனா சொல்லிக் கொடுத்த தொழிலாளர்கள் பெயர் எதுவும் கமிட் ஹிஸ்டரியில இல்லை.

லேப்ல திறந்த பூட்டு

1856-ல லண்டன்ல 18 வயசு வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கு குயினைன் தயாரிக்கப் பார்த்தார். குப்பியில மிஞ்சினது ஊதா நிறம். முதல் பெரிய செயற்கைச் சாயமான 'மாவ்' அதுதான். 1868-ல வேர்ச் சிவப்பின் மூலப்பொருளான அலிசரினுக்கு லேப்ல வழி வந்தது. 1897-ல ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை இண்டிகோவை விற்க ஆரம்பிச்சது. அவுரிக் காடுகளும் சாயவேர் தோண்டினவங்களும் சந்தையிலிருந்து படிப்படியா காணாமப் போனாங்க.

திருப்பூருக்கு முக்கியமான வருஷம் 1956. பிரிட்டனின் ஐசிஐ கம்பெனி 'புரோசியான்' என்கிற ரியாக்டிவ் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. பழைய சாயங்கள் நூல்ல ஒட்டிக்கிட்டு இருந்தன. இது நூலோட வேதிப் பிணைப்பே போட்டுக்கும். நீங்க இப்போ போட்டிருக்கிற பளிச்னு இருக்கிற காட்டன் டி-ஷர்ட், பெரும்பாலும் இந்தக் குடும்பத்துச் சாயம்தான்.

இதுக்கும் ஒரு சாவி இருக்கு. நம்ம சமையலறையில இருக்கிற அதே பொருள்.

மூன்றாம் சாவி: உப்பு

பருத்தி தண்ணியில நனைஞ்சா அதோட மேற்பரப்புல லேசா எதிர்மின் தன்மை வரும். ரியாக்டிவ் சாய மூலக்கூறும் எதிர்மின். ரெண்டு காந்தத்தோட ஒரே துருவத்தைப் பக்கத்துல கொண்டு போனா தள்ளும் இல்லையா, அது மாதிரி துணி சாயத்தைத் தள்ளிவிடும். நிறைய உப்பைக் கொட்டினா, உப்புல இருக்கிற சோடியம் நடுவுல நின்னு சண்டையை அடக்கும். சாயம் நூல் பக்கம் போகும். அப்புறம் சோடா போட்டா பிணைப்பு விழும்.

நிறம் அடர்த்தியா வேணும்னா உப்பும் அதிகம். கருப்பும் நேவி ப்ளூவும் ரொம்பக் கேட்கும். கேம்ல கருப்புக்கு விலை வச்சவங்க ஏதோ சாயப்பட்டறையில வேலை பார்த்திருப்பாங்களோன்னு எனக்கு ஒரு டவுட்.

ஒரு கணக்குப் போடலாம். 1 கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 50 கிராம் உப்புன்னு வச்சுக்கோங்க. மொத்தம் 500 கிராம். டி-ஷர்ட் எடை 200 கிராம்னா, அந்த ஒரே ஒரு டி-ஷர்ட்டுக்கு 100 கிராம் உப்பு. ரெண்டு கைப்பிடி. 1 டன் துணிக்கு அரை டன்.

இதுல ஒரு கிராம் உப்புகூட டி-ஷர்ட்ல தங்கப் போறதில்லை. நடுவுல நின்னு வேலையை முடிச்சிட்டு, அப்படியே தண்ணியோட வெளியே வரும். எங்கே?

நொய்யல்

வெள்ளியங்கிரி மலையில பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியா வந்து, கரூர் மாவட்டத்துல காவிரியில சேருற ஆறு நொய்யல். இதோட கரையிலதான் கொடுமணல் இருக்கு. சங்க காலத்துல இரும்பு உருக்கி, மணிகள் செஞ்சு ஏற்றுமதி பண்ணின ஊர். ஆக, இந்த ஆத்தங்கரைக்கு எக்ஸ்போர்ட் புதுசு இல்லை.

1970-களின் கடைசி வரை திருப்பூர்னா வெள்ளை பனியன். கேம்ல சொன்னா ஆரம்ப லெவல் சட்டை. ஐரோப்பிய, அமெரிக்க ஆர்டர்கள் வர ஆரம்பிச்சதும், 1980-கள்ல இருந்து கலர் டி-ஷர்ட் வந்தது. கூடவே சாயப்பட்டறைகளும் பெருகின. சில நூறு பட்டறைகள், எல்லாமே ஒரு மழைக்கால ஆத்தை நம்பி. வருஷத்துல பாதி நாள் அந்த ஆத்துல கலக்கிறதுக்கே தண்ணி கிடையாது. அதனால ஓடினது சாயத்தண்ணி மட்டும்தான். ஆத்தோட நிறம் அன்னிக்கு எந்த ஆர்டர் ஓடுதோ அதைப் பொறுத்தது.

1992-ல சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடிச்சாங்க. ஈரோடு, கரூர் விவசாயிகளுக்குப் பாசனம் கொடுக்கிறதுதான் நோக்கம். சில வருஷத்துலேயே அணையில நின்னது சாயக்கழிவு. பக்கத்துக் கிணறுகள் உப்பாச்சு. சோடியம் ஏறின மண் இறுகிப் போகும். தண்ணி உள்ளே இறங்காது, பயிர் நிக்காது. அணை வேணும்னு கேட்ட விவசாயிகளே, இந்தத் தண்ணியை எங்க வயலுக்கு விடாதீங்கன்னு போராடுற நிலைமை வந்தது.

1990-களின் பிற்பகுதியில பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினாங்க. அதுல நிறத்தை எடுத்தாங்க, அழுக்கை எடுத்தாங்க. தண்ணி ஓரளவு தெளிவாச்சு. ஆனா கரைஞ்ச உப்பு சாதாரண சுத்திகரிப்புல போகாது. சாயத்தொட்டியில லிட்டருக்கு 50,000 மில்லிகிராம் உப்பு. கழுவின தண்ணியோட கலந்து குறைஞ்சாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச வரம்பான 2,100-ஐத் தொடுறது கஷ்டம். நம்ம ஆபீஸ்ல நடக்குமே, ஸ்க்ரீன்ல எரர் வராம மறைச்சிட்டு டிக்கெட்டை மூடுறது? அதேதான். நிறம் கண்ணுக்குத் தெரியுது, அதனால அதைச் சரி பண்ணினாங்க. உப்பு தெரியலை, அது கீழே போய்க்கிட்டே இருந்தது.

2011 ஜனவரி 28

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2006 டிசம்பர்ல தீர்ப்பு: ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது, அதுவரை வெளியேத்துற ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்குல அபராதம். 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தினவர்தான் விலை கொடுக்கணும்'னு உறுதி பண்ணியது. அப்பவும் ஆறு மாறலை. 2011 ஜனவரி 28-ல சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகள் எல்லாத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

ஊர் நின்னு போச்சு. சாயம் இல்லாம காடாத் துணி தேங்கியது. சிலர் வேற மாநிலத்துக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டாங்க. தேனி, மதுரை, ஒடிசா, பீகார்னு வந்து வேலை பார்த்தவங்க வேலையில்லாம நின்னாங்க. இதுல யாரை வில்லன்னு சொல்றது? விவசாயி கேட்டது தன் கிணத்துத் தண்ணியை. தொழிலாளி கேட்டது அன்னாடக் கூலியை. ரெண்டு பேர் கேட்டதும் நியாயம். ஆனா அந்த டி-ஷர்ட்டோட விலையை முடிவு பண்ணின வெளிநாட்டு வாங்குபவர் அந்தக் கோர்ட்ல ஒரு தரப்பாகக்கூட இல்லை.

இப்போ

அதுக்கப்புறம் பட்டறைகள் படிப்படியா திறந்தது புது ஏற்பாட்டோட. கழிவுநீரை உயிரியல் முறையில சுத்தம் பண்ணி, ஆர்ஓ-வுல வடிகட்டி, நல்ல தண்ணியைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்புறாங்க. மிச்சமிருக்கிற உப்புத்தண்ணியை ஆவியாக்கி உப்பைப் பிரிச்சு, திரும்பச் சாயத்தொட்டியிலயே போடுறாங்க. சாவி ஆத்துக்குப் போகாம கைக்கே திரும்பி வருது. இந்தியத் துணித் தொழில்ல இது பெரிய சாதனை, அதைத் தயங்காம சொல்லலாம்.

ஆனா இது இலவசம் இல்லை. அவ்வளவு தண்ணியை ஆவியாக்க விறகோ நிலக்கரியோ மின்சாரமோ எரியணும். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கழிவும் மூட்டை மூட்டையா தேங்குது. இந்தச் செலவு இல்லாத ஊர்ல கிலோவுக்குச் சாயக்கூலி குறைவா இருக்கும், ஆர்டர் அங்கே நழுவும். திருட்டுத்தனமா ராத்திரியில கழிவைத் திறந்துவிடணும்னு ஒருத்தருக்குத் தோணுறதுக்குக் காரணமும் அந்த வித்தியாசம்தான். உப்பே இல்லாமச் சாயம் ஏத்துற வழியும் இருக்கு. பருத்தியை முன்கூட்டியே நேர்மின் தன்மைக்கு மாத்திட்டா துணி சாயத்தைத் தானே இழுத்துக்கும். அதுக்கும் கூடுதல் ரசாயனம், கூடுதல் காசு.

ஆகவே கேள்வி தொழில்நுட்பத்துல நிக்கலை, பில்லுல நிக்குது. 299 ரூபாய்க்கு ஒரு அடர் கருப்பு டி-ஷர்ட் பார்த்தா, ரெண்டு கைப்பிடி உப்பு ஞாபகம் வரட்டும். அதைத் திரும்ப எடுக்கிற செலவு அந்த 299-க்குள்ள இருக்கா, இல்லை ஏதோ ஒரு ஊர்க் கிணத்துல இருக்கான்னு பிராண்டுகள்கிட்ட கேளுங்க. லேபிள்ல துணி என்ன, எங்கே தைச்சதுன்னு போடுறாங்க. எங்கே சாயம் போட்டாங்கன்னு போடுறதில்லை. முதல்ல அந்த ஒரு வரியை அன்லாக் பண்ணச் சொல்லலாம்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.