அறிவியல் மாணவ ஆசிரியர்களும் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சியும்

பாடம் நடத்தப் பழகும் மாணவ ஆசிரியர், தன் வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறிவியல் கருத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதைச் சான்றுகளோடு தானே கண்டறியப் பழகுவதே கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி. சென்னையில் இதற்கு இயல்பான களம் சைதாப்பேட்டை. 1856-இல் அரசு நார்மல் பள்ளியாகத் தோன்றி, ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்து, 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமாக உயர்ந்த கல்லூரி அங்கே இருக்கிறது; அருகிலேயே மாதிரிப் பள்ளியும் உண்டு. ஆயினும் ஆராய்ச்சி என்றாலே எம்.எட். ஆய்வேடு என்ற எண்ணம்தான் கல்வியியல் கல்லூரிகளில் ஊறியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளி வேலைக்குத் தகுதி தருவதோ பி.எட். பட்டம். ஆராய்ச்சியைக் கையால் செய்து பழகவேண்டிய இடமும் அதுவே.

அறிவியல் ஆசிரியருக்கு இந்தத் தேவை கூடுதல். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பங்கைப் பல்பு தின்றுவிடுகிறது என்று பிள்ளைகள் பரவலாக நம்புவதை, 1980-களில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஓம் விதிக் கணக்கைச் சரியாகப் போடும் மாணவரிடமும் இந்த நம்பிக்கை இருக்கக்கூடும். மதிப்பெண் அதைக் காட்டாது. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டி, எது அதிகம் ஒளிரும், ஏன் என்று பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, பதில்களைச் சொன்னபடியே எழுதி வகைப்படுத்தினால் அது வெளிவந்துவிடும். கல்வியாளர் ஸ்டீபன் கோரி 1953-இல் செயல் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும், ஆசிரியர் தன் வகுப்பைத் தானே ஆராயவேண்டும் என்பதைத்தான்.

முதலில் பாடம் நடத்தக் கற்கட்டும், ஆராய்ச்சி பிறகு என்பது வழக்கமான மறுப்பு. பிள்ளை என்ன நினைக்கிறது என்று அறியாமல் நடத்தக் கற்பது எப்படி என்பதற்கு அதில் விடை இல்லை. நேரமில்லை என்பதும் முழு உண்மையல்ல. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட்.டை இரண்டாண்டுகளாக்கி, குறைந்தது 20 வாரப் பள்ளி அனுபவத்தையும் கட்டாயமாக்கின. பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று காணக் குறையறி சோதனை நடத்தும் வழக்கம் முன்பே இருக்கிறது. அந்த விடைத்தாள்களில் மதிப்பெண்ணை விட்டுப் பதில்களைப் படித்தால், தொடங்கப் போதுமான தரவு கிடைத்துவிடும். பத்துப் பேரை வைத்து எதை நிறுவமுடியும் என்ற கேள்வி நியாயமானது. பொதுவிதி எதையும் நிறுவமுடியாது. மறுநாள் பாடத்தை மாற்ற அது போதும். வலுவான மறுப்பு வேறு: செயல் ஆராய்ச்சிக்காக மாணவ ஆசிரியர் எழுதும் ஏட்டைப் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நிரப்பிவிடலாம். சராசரியும் திட்டவிலக்கமும் அழகாக எழுதிய ஏட்டுக்கே மதிப்பெண் கிடைக்கும்வரை இது தொடரும். பிள்ளைகள் சொன்ன பதில்களின் மூலக்குறிப்புகளைக் காட்டச் சொல்லி, அவற்றின் மேல் வாய்மொழித் தேர்வு வைத்தால், பார்த்தெழுதுவதைவிடக் கேட்டெழுதுவது எளிதாகிவிடும்.