கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நினைவுப் பதக்கங்களும் வில்லைகளும்

நினைவுப் பதக்கம் என்பது ஒரு போரையோ முடிசூட்டு விழாவையோ பட்டமளிப்பையோ மறக்காமல் இருக்க அடித்துக் கொடுத்த உலோக வட்டு. காசு பிறக்கும் அதே அக்கசாலையில் பிறந்தாலும் அதற்குச் செலாவணி கிடையாது. வில்லை, அதாவது வழக்கில் டோக்கன், ஓர் எல்லைக்குள் மட்டும் செல்லும்: ஆலை, ரயில் நிலையம், உணவகம், தேயிலைத் தோட்டம். கடலூரிலும் சிதம்பரத்திலும் பழைய வீட்டு மரப்பெட்டிகளில் இவை காசுகளோடு கலந்தே கிடக்கும். 'பழைய காசு' என்ற ஒரே பெயரில் எல்லாமே பேரன் கைக்கு வரும். பேரன் தட்டாரிடம் போவான்.

பதக்க வரலாற்றில் இந்த வட்டாரத்துக்கு ஓர் இடம் உண்டு. அதைத் தந்தது இங்கிலாந்து அல்ல, பிரான்ஸ்.

1784-இல் புரோவான்ஸ் மாகாண சபை தன் மண்ணின் மைந்தரான கடற்படைத் தளபதி சுஃப்ரெனுக்கு ஒரு பதக்கம் வழங்கியது. அச்சை வெட்டியவர் ஒகுஸ்தேன் துப்ரே. அமெரிக்க விடுதலையைப் போற்றிய புகழ்பெற்ற பதக்கமும் இவர் கை வேலைதான். முகப்பில் சுஃப்ரெனின் உருவமும் பட்டங்களும். பின்புறத்தில் எழுத்துகள்: முனை காக்கப்பட்டது, திருகோணமலை பிடிக்கப்பட்டது, 'கொந்தலூர்' விடுவிக்கப்பட்டது, இந்தியா தற்காக்கப்பட்டது, புகழ்மிக்க ஆறு சண்டைகள். கீழே சபையின் பெயரும் ரோமன் எண்ணில் ஆண்டும். அந்தக் கொந்தலூர்தான் கடலூர். கெடிலமும் பிற ஆறுகளும் கூடும் இடம் என்பதால் கூடலூர்; அதைப் பிரெஞ்சுக்காரர் நாக்கு அப்படிப் புரட்டியது.

இந்தப் பின்புறத்தை வரி வரியாகப் படிப்பது பதக்க ஆய்வுக்கு நல்ல பாடம். முனை என்பது டச்சுக்காரர் வசமிருந்த நன்னம்பிக்கை முனை. திருகோணமலை 1782 ஆகஸ்டு இறுதியில் சுஃப்ரெனிடம் விழுந்தது. 'ஆறு சண்டைகள்' என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தியக் கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸுடன் அவர் மோதியவை ஐந்துதான்: 1782-இல் சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையில் புரோவிதியென், நாகப்பட்டினம், திருகோணமலை, 1783 ஜூன் 20-இல் கடலூர். ஆறாவதைத் தேட ஆப்பிரிக்காவின் மேற்கே, கேப் வெர்டே தீவுகளுக்குப் போக வேண்டும். 1781 ஏப்ரலில் போர்ட்டோ பிராயா துறைமுகத்தில் நடந்த மோதலையும் சேர்த்தால் கணக்கு சரியாகிறது.

'விடுவிக்கப்பட்டது' என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலேயர் பிடியிலிருந்து ஊர் விடுபட்டது என்று தோன்றும். அப்படியில்லை. பரங்கிப்பேட்டையில் கரையிறங்கிய பிரெஞ்சுப் படை 1782 ஏப்ரலிலேயே கடலூரைக் கைப்பற்றிவிட்டது. 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வந்து ஊரை முற்றுகையிட, உள்ளே முதிய பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிக்கிக்கொண்டார். 15 கப்பல்களோடு வந்த சுஃப்ரென், 18 கப்பல் வைத்திருந்த ஹியூஸைச் சென்னைக்குத் திரும்ப வைத்தார். பதக்கம் சொல்லும் விடுவிப்பு இதுதான். ஆனால் நிலத்தில் முற்றுகை அப்படியே இருந்தது. ஜூன் 25-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டைக்கு வெளியே வந்து தாக்கித் தோற்றார்கள். போரை முடித்து வைத்தது ஐரோப்பாவிலிருந்து வந்த சமாதானச் செய்தி. பூர்வாங்க உடன்படிக்கை சனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. ஐந்து மாதம் கழித்து, செய்தி தெரியாமல் இங்கே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊரும் ஒப்பந்தப்படி ஆங்கிலேயரிடமே திரும்பிப் போனது. பிரெஞ்சுக்காரரோடு தோளோடு தோள் நின்ற மைசூர் திப்புவின் படைக்குப் பதக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

ஆங்கிலேயர் பதக்கமும் இதே ரகம்தான். புதுச்சேரி 1761-இல் வீழ்ந்ததும் இலண்டனில் அடித்த பதக்கம், பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து அடியோடு வெளியேற்றப்பட்டதாக முழங்கியது. 1763 உடன்படிக்கையில் புதுச்சேரி அவர்களிடமே திரும்பியது. இருபது ஆண்டுகளில் அவர்கள் கடலூரிலேயே இருந்தார்கள்.

கடலூர் முற்றுகையில் மறுபக்கம் நின்றவர்களுக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது, எல்லாருக்கும் அல்ல. வங்காளத்திலிருந்து தரைவழியே நடந்து வந்த கர்னல் பியர்ஸின் சிப்பாய்கள் இங்கே போரிட்டார்கள். அவர்களுக்கும் மேற்கு இந்தியாவுக்குப் போன வங்காளப் படைக்கும் கம்பெனி அளித்ததுதான் 'தக்காணப் பதக்கம்'. தங்கத்திலும் வெள்ளியிலும், சுமார் 40 மி.மீ., 32 மி.மீ. என இரண்டு அளவுகளில் கல்கத்தாவில் அடித்தார்கள். முகப்பில் போர்த் தளவாடங்களின் மேல் அமர்ந்த பிரிட்டானியா ஒரு கோட்டையை நோக்கி வாகை மாலையை நீட்டுவாள். பின்புறம் முழுக்கப் பாரசீகம். ஹிஜ்ரி 1199, கிறித்துவ ஆண்டு 1784. அதில் புகழப்படுவது ஆங்கிலேயர் பெயர், அணிந்தவர் சிப்பாய். சிதம்பரம் கோயில் கோட்டையின் மேல் 1781 ஜூன் 18-இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் நடத்திய தாக்குதல் தோற்றபோதும், ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்றபோதும் முன்வரிசையில் நின்ற சென்னைச் சிப்பாய்களுக்கு இது வழங்கப்படவில்லை. இதைப் பாரபட்சம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாரசீக எழுத்தைக் கண்டதும் 'நவாபு காசு' என்று விலை சொல்வது இங்கே வழக்கம். 1837 வரை கம்பெனியின் அலுவல் மொழி பாரசீகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1911 டெல்லி தர்பார் பதக்கத்தின் பின்புறத்தில்கூடப் பாரசீகம்தான். சிங்கம் புலியை அடக்கும் படம் இருந்தால் அது 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்கான பதக்கம். புலி திப்புவின் சின்னம். பர்மிங்காமின் சோகோ அக்கசாலையில் அடித்தது 48 மி.மீ., கல்கத்தாவில் அடித்தது 45 மி.மீ. உயர் அதிகாரிக்குத் தங்கம், அடுத்தடுத்து வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். ஆகவே உலோகம் எது என்று தெரிந்தால் முதல் உரிமையாளரின் தகுதியும் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அடையாளம் காண்பதில் பெரும்பாலோர் முகத்தைப் பார்க்கிறார்கள். தேர்ந்தவர்கள் முதலில் விளிம்பைப் பார்க்கிறார்கள். பாரீஸ் அக்கசாலை பழைய அச்சுகளைப் பாதுகாத்து, கேட்டவர்க்கெல்லாம் மறுபடி அடித்துக் கொடுத்து வந்தது. 1832 முதல் விளிம்பில் அதற்கு முத்திரை உண்டு. விளக்கு இருந்தால் 1832–1841, பிறகு சிறிது காலம் நங்கூரம், அதன்பின் கப்பலின் முன்முகம், சுட்டும் கை 1845–1860, தேனீ 1860–1879, அதற்குப் பின் வளக்கொம்பு. முகப்பில் 1784 என்றிருந்து விளிம்பில் தேனீ உட்கார்ந்திருந்தால் அது கொள்ளுப்பேரன் பதிப்பு.

முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் விளிம்புதான் உயிர். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரருக்கு வெள்ளி, சுமை தூக்கிய கூலிப்படைக்கு வெண்கலம். தர்பார் பதக்கங்களோ பெயரில்லாமல் வழங்கப்பட்டவை. அவற்றில் பெயர் இருந்தால் உரியவர் பிறகு தாமே பொறித்துக்கொண்டது. தேய்ந்த விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் எழுத்து எழும். அடித்த பதக்கத்துக்கும் வார்த்த போலிக்கும் வேறுபாடும் அங்கேதான்: வார்ப்பில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் தென்படும்.

மேலே வளையம் பற்றவைத்திருந்தால் ஏமாற்றம் வேண்டாம். காசுமாலையிலும் குழந்தையின் அரைஞாணிலும் கோத்த பதக்கங்கள் இந்தப் பக்கம் சாதாரணம். வருத்தம் தருவது புளி. கடற்காற்றில் கறுத்த வெள்ளியையும் களிம்பேறிய செம்பையும் விளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தால், நூறாண்டு மேற்படிவோடு நுண்ணிய எழுத்தும் போய்விடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாயோடு கொடுத்த முடிசூட்டு, ஆட்சி விழா வில்லைகள், 1897, 1902, 1911, 1935 விழாக்களின் மலிவுச் சரக்கு, பித்தளையிலும் அலுமினியத்திலும் வந்தன. அலுமினியம் நல்ல சாட்சி. மலிவாகத் தயாரிக்கும் முறை 1886-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியது 1898-இல். 'ராணி காலத்துக்கும் முந்தியது' என்று யாரேனும் அலுமினிய வில்லையை நீட்டினால் சிரித்துவிட்டு நகரலாம்.

ஆண்டு பொறிக்காத உள்ளூர் வில்லைக்கும் பதக்கத்துக்கும் பெயர்களே நாட்காட்டி. அணாக் கணக்கு இருந்தால் 1957-க்கு முன். எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து தென்னிந்திய ரயில்வேயைக் குறிக்கும்; அது 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேயில் கரைந்துவிட்டது. மதராஸ் மாநிலம் என்றிருந்தால் 1969-க்கு முன். தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தால் 1993-க்கு முன், ஏனென்றால் அந்த ஆண்டுதான் அது பிரிந்து கடலூர் தனி மாவட்டமானது. தமிழ் எழுத்துள்ளவற்றுக்கு இன்னோர் உரைகல் உண்டு: 1978 எழுத்துச் சீர்திருத்தம். 'அண்ணாமலை' என்ற ஒரே சொல்லில் அந்தச் சீர்திருத்தம் தொட்ட எழுத்துகள் இரண்டு, ணா-வும் லை-யும். 1929-இல் தோன்றிய சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த பொருளில் லை-க்குப் பழைய எழுத்தின் தும்பிக்கை இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பல்கலைக்கழகம் என்பதற்குப் பதில் சர்வகலாசாலை என்றிருந்தால் இன்னும் பழையது. ஆனால் சில அச்சகத்தார் 1978-க்குப் பிறகும் பழைய எழுத்தை விடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பட்டமளிப்புத் தங்கப் பதக்கங்களில் பெரும்பாலும் அறக்கட்டளை நிறுவியவர் பெயர் இருக்கும். பல்கலைக்கழக நாட்காட்டி நூல்களில் பரிசுப் பட்டியலைத் தேடினால் ஆள் கிடைப்பார்.

கோயில் வில்லைகள் தனி உலகம். பட்டாபிஷேக ராமன் பொறித்த ராமடங்கா பூசையறைக்கு அடித்தது, சந்தைக்கு அல்ல. அதில் காணும் ஆண்டுகளை நம்பக்கூடாது. புதுக்கோட்டை அம்மன் காசு இதற்கு நேர்மாறு: நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்தாலும் சமஸ்தானத்தில் முறைப்படி செல்லுபடியான காசு. பரங்கிப்பேட்டை வராகன் என்ற பொற்காசும் ஊர்ப் பெயரைச் சுமந்தாலும் அந்த ஊரில் மட்டும் அடிக்கப்பட்டது அல்ல.

இவற்றின் நிழலில் வளர்ந்ததுதான் இன்று கோயில் வாசல்களில் கொட்டிக் கிடக்கும் பொய்ச் சரக்கு. ஒருபுறம் ராமர், அனுமன் அல்லது லட்சுமி. மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டும் அணா மதிப்பும். கம்பெனி இப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. வெறும் அலங்கார வில்லையாக இருந்தவரை தீங்கில்லை. அரிசியை ஈர்க்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கு விலை போகும் என்று 'ரைஸ் புல்லிங்' கும்பல்கள் இதே சரக்கைக் காட்டித்தான் தமிழ்நாடெங்கும் பணம் பறித்தன. எந்த உலோகக் காசும் அரிசியை ஈர்க்காது.

ஆவணத் தேடலுக்கு முதல் இடம் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1690-இல் எலிஹு யேல் ஆளுநராக இருந்தபோது மராத்தியரிடம் வாங்கிய தேவனாம்பட்டினம் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் அங்கிருந்து அச்சாகியுள்ளன. கார்ஸ்டின் எழுதிய தென்னாற்காடு கையேடு (1878), பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் (1906) இரண்டும் ஊர்ப் பின்னணிக்கு உதவும். காசுக்கு டஃப்னலின் 1889-ஆம் ஆண்டுக் கைந்நூலும், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மறு ஆண்டு எழுதிய கம்பெனிக் காசு வரலாறும். பதக்கத்துக்கு ராபர்ட் பட்டெஸ்டரின் 2002-ஆம் ஆண்டுப் பட்டியல். இவையெல்லாம் ஆங்கிலத்தில். பழைய ஊர்ப் பெயர்களைத் தமிழில் பிடிக்க ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் கைகொடுக்கும்.

விடுதலைக்குப் பின் பதக்கத்தின் இடத்தை நினைவுக் காசுகள் பிடித்துக்கொண்டன: தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1995-இல் திருவள்ளுவர், 2009-இல் தமிழ்க் கையெழுத்தோடு அண்ணா, 2024-இல் கருணாநிதி. பழைய பதக்கம் கையில் கிடைத்தால், ஐயம் கேட்கக் கடலூரிலேயே அரசு அருங்காட்சியகம் உள்ளது. நூறாண்டு கடந்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. மண்ணுக்குள் கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.