யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சமயக் கல்வி

யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சமயக் கல்வி: அமெரிக்காவின் தாராளவாத சமயச் சபைகள் சிறார்க்கு அளிக்கும், விசுவாசப் பிரமாணம் எதையும் கட்டாயமாக்காத கல்விமுறை. குழந்தைக் காப்பகம், வயதுவாரி வகுப்புகள், பதின்வயதினர் குழுக்கள் என இது பிரிக்கப்படும்.

நடைமுறை: பல சபைகளில் ஞாயிறு வழிபாட்டின் தொடக்கத்தில் சிறுவர்கள் பெற்றோருடன் அமர்வர். கிண்ண விளக்கு ஏற்றப்பட்டுச் சிறுவர் கதை முடிந்ததும், சபையார் பாடி வழியனுப்ப, அவர்கள் வகுப்புகளுக்குச் செல்வர். கைக்குழந்தைகள் காப்பகத்தில் பராமரிக்கப்படுவர். விவிலியம், உலகச் சமயங்கள், அறநெறி, சமூகநீதி ஆகியவை பாடப்பொருள்கள். பதின்வயதினர் தம் நம்பிக்கை அறிக்கையைத் தாமே எழுதிச் சபைமுன் வாசிப்பதும் உண்டு.

வரலாறு: யூனிட்டேரியன் போதகர் வில்லியம் எல்லெரி சானிங் 1837இல் ஆற்றிய ஞாயிறு பள்ளி உரை, குழந்தையின் சிந்தனையைத் தூண்டுவதே கல்வியின் நோக்கம் என வலியுறுத்தியது. 1937இல் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கத்தின் சிறுவர் பாடநூல் பதிப்பாசிரியரான சோஃபியா லயன் ஃபாஸ் (1876–1978), குழந்தையின் அனுபவத்திலிருந்து தொடங்கும் பாடநூல்களை உருவாக்கினார். 1961இல் யூனிட்டேரியன், யூனிவர்சலிஸ்ட் அமைப்புகள் இணைந்தன.

சிறப்பு: மனப்பாடத்தைவிடக் கேள்விக்கு முதலிடம் அளித்து, சமயத் தேடலைக் குழந்தையின் உரிமையாக இம்முறை ஏற்கிறது.