நான்கு நல்ல பற்களின் வழக்கு

தெற்றுப்பல் முளைத்த பிள்ளையைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், வரிசைக்கு இடம் போதாமையால் சொத்தையோ ஆட்டமோ இல்லாத பற்கள் நான்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுவதா, அன்றிப் பல்வரிசையின் வளைவை விரித்து எல்லாப் பற்களையும் காப்பதா என்று திகைத்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க தேசத்தில் இதே கேள்வி ஒரு தலைமுறைக்கு மேலாக ஒரு குருவின் பக்தர்களையும் அவரை மறுத்தவர்களையும் எதிரெதிரே நிறுத்தியது.

அந்தக் குரு எட்வர்டு ஆங்கிள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தாத கோளாறுகளை 1899இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தவரும், அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரில் இந்தக் கலைக்கெனத் தனிப் பாடசாலை கண்டவரும் அவரே. இயற்கை அளித்த 32 பற்களில் ஒன்றையும் களையலாகாது, உரிய ஸ்தானத்தில் அவற்றை நிறுத்திவிட்டால் மெல்லும் தொழிலின் பலத்தாலேயே எலும்பு வளர்ந்து அவற்றைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவருடைய திடமான சித்தாந்தம். சிகாகோவின் கால்வின் கேஸ், சில முகங்களில் பல்லை எடுத்தாலன்றி உதடுகள் துருத்தியே நிற்கும் என்று 1911இல் தேசியப் பல் வைத்திய சங்கத்தின் சபையில் வாதாடினார். மார்ட்டின் டூயி எதிர்வாதம் புரிந்தார். கேஸின் பேச்சில் நியாயம் இருந்தும், ஆங்கிளின் கீர்த்தியே வென்றது. இரண்டு உலக யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அங்கே இதற்காகப் பல் எடுக்கும் வழக்கம் ஏறக்குறைய மறைந்தேபோயிற்று.

அதை மீட்டவர் பகைவரல்லர், சீடர். அரிசோனாவின் டூசான் நகரில் தொழில் புரிந்த சார்லஸ் ட்வீட், குருவின் முறையைச் சில ஆண்டுகள் சிரத்தையோடு கையாண்ட பின், தாம் நேராக்கிய பல்வரிசைகள் மறுபடி நெருங்கிக் கோணுவதையும், பிள்ளைகளின் வாய் முன்னே பிதுங்கி நிற்பதையும் கண்டார். கண்டதை மறைக்கவுமில்லை, காலத்தின் மேல் பழி போடவுமில்லை. கோரைப்பல்லுக்கு அடுத்திருக்கும் முன்கடைவாய்ப் பற்கள் நான்கையும் எடுத்து, முன்பு சிகிச்சை பெற்றவர்களுக்கே மீண்டும் சிகிச்சை செய்து, அப்படிப்பட்ட 100 பேருடைய முன்னும் பின்னுமான ஆதாரங்களை 1940இல் சக வைத்தியர்களின் கண்முன் பரப்பினார். ஆங்கிள் 1930இலேயே காலமாகிவிட்டாரெனினும் அவருடைய வாக்கு வேதமாக ஓதப்பட்ட கூட்டத்தின் நடுவே இதைச் செய்ய எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! இந்தக் கலையின் சரித்திரத்தில் கருவிகளைக் கண்டுபிடித்தவர் பலர் உண்டு. என் அபிப்பிராயத்தில் அவர்கள் எவருடைய சாதனையும் ட்வீட்டின் இந்த ஒரு செயலுக்கு ஈடாகாது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் ஆங்கிளின் மற்றொரு மாணவரான ரேமண்ட் பெக், கரடுமுரடான உணவை மென்ற ஆதிகுடிகளின் பற்கள் பக்கங்களிலும் தேய்ந்து இடம் விட்டதாகவும், மிருதுவான உணவுண்ணும் நமக்கு அந்தத் தேய்மானம் இல்லையாகையால் பல் எடுப்பது அவசியமென்றும் வாதித்தார். காரணம் பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளாயிற்று. பழக்கம் மட்டும் பரவிற்று. வடகரோலினா சர்வகலாசாலையின் சிகிச்சை நிலையத்தில் 1953இல் நூற்றுக்கு 30 பேருக்குப் பல் எடுத்தார்கள். 1968இல் அது 76 ஆக உயர்ந்து, 1993இல் 28 ஆக இறங்கிற்று. அந்த நாற்பது ஆண்டுகளில் குழந்தைகளின் தாடை மாறிவிடவில்லை, வைத்தியர்களின் கொள்கையே மாறியது. ஆகவே ஒரு வைத்தியர் பல்லை எடுக்கவேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும், இந்தப் பிள்ளையின் முகத்திலும் வரிசையிலும் எதைக் கண்டு அவ்வாறு கூறுகிறார் என்று வினவப் பெற்றோருக்குப் பூரண உரிமை உண்டு.

பல் எடுப்பதே நிரந்தரப் பரிகாரம் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்றவர்களை, நேராக்கிய பற்கள் நகராதிருக்க அணியும் ரிடெய்னரைக் கைவிட்டுப் பத்து ஆண்டுகளேனும் கழிந்த பின் சியாட்டில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து, கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றவர்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவே என்று 1981இல் வெளியிட்டார்கள். இன்று இரு முறையினரும் கம்பியைக் கழற்றிய பின் இரவுதோறும் ரிடெய்னரை அணியும்படி பிள்ளைகளுக்கு ஒரே குரலில் சொல்லி அனுப்புகிறார்கள்.