நான்கு விழுக்காட்டு வரம்பும் அதன் பின்னும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழில்வளத்தை நிலம், மின்சாரம், துறைமுகம் ஆகியவற்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. பிறர் கண்டறிந்த நுட்பத்தை எந்த விலைக்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்த காப்புரிமைச் சட்டமும் அதில் பங்கு பெறுகிறது.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். இராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையவை என்பதையும், அவை இங்கே உற்பத்திக்கு வராமல் இறக்குமதிச் சந்தைக்கு அரணாக நின்றதையும் எடுத்துக்காட்டியது. தமிழகத் தொழில் வரலாற்றில் இவ்வறிக்கைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அதன் வழியில் உருவாகி 1972-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், மருந்துப் பொருளுக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது. அதுவும் மூன்றாண்டு கழிந்தபின், விரும்பும் எவரும் உரிமம் பெற முடிந்தது. உரிமையாளருக்குச் சேரும் ராயல்டி, அதாவது உரிமத்துக்கான விற்பனைப் பங்கு, ஆலை வாயில் விலையில் நான்கு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. காப்புரிமையை வாடகைக்கு விட்டு வாழ நினைத்த முதலீட்டாளருக்கு மருந்துத் துறையில் இடமில்லாமல் போயிற்று.

பொறியியல் துறையில் இவ்வரம்பு இல்லை. அங்கே ஒப்பந்தமே ஆண்டது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் லான்சர் கார்களைத் தயாரித்தது மிட்சுபிஷியின் நுட்ப உரிமத்தின் பேரில்தான்.

2003-இல் காப்புரிமைக் காலம் இருபது ஆண்டாக நீண்டது. 2005-இல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. உரிமையாளர் பக்கம் சாய்ந்த இச்சட்டத்திலும் காப்புரிமையை நீக்கக் கோரும் வழி திறந்தே இருந்தது. மதுரையைச் சேர்ந்த ராம்குமார், ஒரே கைபேசியில் பல சிம் அட்டைகளை இயக்கும் நுட்பத்துக்கு 2008-இல் காப்புரிமை பெற்று, அதைக் கொண்டு இறக்குமதியாளர்களை எதிர்த்தார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012-இல் அதை நீக்கியது. தயாரிப்பாளரிடம் காப்புரிமை போனாலும் ஆலையும் சரக்கும் மிஞ்சும். உரிமத்தையே நம்பியவரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், வழங்கப்பட்ட காப்புரிமையைக் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்க்கும் புதிய வழியைத் திறந்தபோது, உரிம வருவாயை நம்பிய நிறுவனங்களும் அவற்றின் பங்குதாரர்களும் இதே இடரை எதிர்கொண்டனர்.

அவ்வாரியமும் 2021-இல் கலைக்கப்பட்டு, அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவை அமைத்தது.