மௌரித்தானியா: சமூகமும் பொருளாதாரமும்

மௌரித்தானியா மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கரையிலிருந்து சகாரா பாலைவனத்துக்குள் விரிந்து கிடக்கும் நாடு. மௌரித்தானிய இஸ்லாமியக் குடியரசு என்பது இதன் அதிகாரப்பூர்வப் பெயர். பரப்பளவு சுமார் 10.3 லட்சம் சதுர கி.மீ.; மக்கள்தொகை 2023 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 49 லட்சம். மேற்குச் சகாரா, அல்ஜீரியா, மாலி, செனகல் ஆகியவை அண்டைப் பகுதிகள். 1960 நவம்பர் 28 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. நாட்டின் செல்வம் பெரும்பாலும் ஓரங்களில் விளைகிறது: வடக்கே இரும்புத்தாது, மேற்கே மீன், தெற்கே ஆற்றங்கரைப் பயிர். அந்தச் செல்வத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதில், நாடோடிக் காலத்திலிருந்து தொடரும் குலப் படிநிலைக்கு இன்றும் செல்வாக்கு உண்டு.

நிலமும் குடியேற்றமும்

நிலத்தின் பெரும்பகுதி மணலும் பாறை மேடுகளுமாக உள்ளது. செனகல் ஆற்றை ஒட்டிய தெற்குப் பகுதியே ஓரளவு மழை பெறுகிறது. விடுதலையின்போது மக்களில் பெரும்பாலோர் ஒட்டகம், ஆடு, மாடுகளோடு கூடாரம் மாற்றி வாழ்ந்த நாடோடிகள். குடியேற்றக் காலத்தில் நாடு, அண்டையிலிருந்த செனகலின் செயின்ட் லூயி நகரிலிருந்து ஆளப்பட்டது. தன் எல்லைக்குள் தலைநகரே இல்லாதிருந்தது. அதனால் 1950களின் இறுதியில் நுவாக்‌ஷாட் என்ற சிற்றூர் தலைநகராகத் திட்டமிடப்பட்டது.

1968 முதல் அடுத்தடுத்து வந்த கடும் வறட்சிகளில் மந்தைகள் மடிந்தன. கால்நடையை இழந்த குடும்பங்கள் நகர விளிம்பில் கூடாரம் அடித்தன; கூடாரங்கள் தகரக் குடிசைகளாயின, குடிசைகள் பேட்டைகளாயின. சில ஆயிரம் பேருக்காக வரையப்பட்ட நுவாக்‌ஷாட்டின் மக்கள்தொகை இப்போது 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நகரின் சில பகுதிகள் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெள்ள அபாயம் உண்டு. குடிநீர் தொலைவிலுள்ள செனகல் ஆற்றிலிருந்து குழாய் வழியே வருகிறது.

மக்களும் மொழிகளும்

மக்களை மூன்று பெரும் பிரிவுகளாகப் பார்ப்பது வழக்கம். அரபு–பெர்பர் மரபினரான பிதான்கள்; அவர்களிடம் அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தாரின் வழிவந்த, அதே மொழி பேசும் ஹராத்தின்கள்; ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாயகமாகக் கொண்ட ஃபுலானி, சோனின்கே, வோலோஃப் மக்கள். ஏறக்குறைய அனைவருமே மாலிக்கி மரபைப் பின்பற்றும் சுன்னி முஸ்லிம்கள்.

அரபு ஆட்சிமொழி. பேச்சு வழக்கில் ஹஸ்ஸானியா அரபு மேலோங்கியிருக்கிறது. ஃபுலானி மக்களின் மொழியான புலார், சோனின்கே, வோலோஃப் ஆகியவை தேசிய மொழிகள். அலுவலகங்களிலும் வணிகத்திலும் பிரெஞ்சு நிலைத்திருக்கிறது. பள்ளியில் அரபுக்கு முதலிடம் தந்த முடிவே 1966இல் இனக் கலவரத்துக்கு வழிவகுத்தது. மொழிக் கொள்கை இன்றும் அரசியல் கொதிப்புள்ள பொருள்.

1989இல் ஆற்றோர மேய்ச்சல், விளைநிலத் தகராறு ஒன்று செனகலுடன் பெரும் மோதலாக வெடித்தது. இரு நாடுகளிலும் அயலவர் தாக்கப்பட்டனர். பல்லாயிரக்கணக்கான கறுப்பின மௌரித்தானியர் ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டு, நிலமும் அடையாள ஆவணங்களும் இழந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் 2008 முதல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு திரும்பினர்.

படிநிலையும் அடிமைமுறையும்

பிதான் சமூகத்தில் ஹஸ்ஸான் எனப்படும் போர்க்குலங்களும், ஸவாயா எனப்படும் கல்விமான் குலங்களும் மேல்தட்டில் இருந்தன. அவர்களுக்குக் கீழே திறை செலுத்திய குலங்கள், கொல்லர், பாணர், எல்லோருக்கும் அடியில் அடிமைகள். சோனின்கே, ஃபுலானி சமூகங்களிலும் இதுபோன்ற அடுக்குகள் இருந்தன.

அடிமைமுறை 1981இல்தான் ஒழிக்கப்பட்டது. உலகில் கடைசியாக ஒழித்த நாடு என்று மௌரித்தானியா குறிப்பிடப்படுவது அதனாலேயே. அடிமைகளை வைத்திருப்பவரைத் தண்டிக்கும் சட்டம் 2007 வரை காத்திருந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக அறிவித்துத் தனி நீதிமன்றங்களுக்கு வழி செய்தது. 1995இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். எஸ்க்ளாவ் அமைப்பும், பிராம் தா அபெய்து 2008இல் தொடங்கிய ஐ.ஆர்.ஏ. இயக்கமும் வழக்குகளை முன்னெடுத்துள்ளன. தண்டனைகள் மிகச் சிலவே. சங்கிலி அறுந்த பின்னும் நிலவுரிமை, பிறப்புப் பதிவு, பள்ளிப்படிப்பு ஆகியவற்றில் ஹராத்தின்கள் பின்தங்கியே உள்ளனர். பழைய எசமானக் குடும்பத்தின் தயவில் நிலம் உழும் குடும்பங்கள் உண்டு.

கல்வியும் பண்பாடும்

மஹத்ரா எனப்படும் பாலைவனப் பள்ளிகள் கூடாரங்களோடு கூடவே இடம்பெயர்ந்தவை. மாணவர்கள் மரப்பலகையில் பாடத்தை எழுதி, மனப்பாடமானதும் கழுவி, அடுத்ததை எழுதுவர். இம்முறை 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒட்டக வணிகப் பாதையில் செழித்த ஷிங்கெத்தி, வாதான், திஷித், வலாத்தா ஆகிய நான்கு ஊர்களும் 1996இல் உலக மரபுச் சின்னங்களாயின. ஷிங்கெத்தியில் குடும்ப நூலகங்கள் பழைய சுவடிகளை மணலுக்கும் கறையானுக்கும் எதிராகக் காத்து வருகின்றன.

பாணர் குலத்து ஆண்கள் தித்தினித் என்னும் நரம்புக்கருவியையும் பெண்கள் அர்தின் என்னும் யாழையும் இசைப்பர். பாடகி தீமி மின்த் அப்பா இம்மரபை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். விருந்தினருக்குப் பச்சைத் தேநீர் மூன்று சுற்று வழங்கப்படும். குவளைக்குக் குவளை உயர ஊற்றி, நுரை கட்டிய பின்பே கையில் தருவர்.

இரும்பும் ரயிலும்

வடக்கே ஸூயெராத் பகுதி மலைகளிலுள்ள தாதே ஏற்றுமதியின் தூண்களில் ஒன்று. வெளிநாட்டு முதலீட்டில் அமைந்த மிஃபெர்மா நிறுவனம் 1963இல் ஏற்றுமதியைத் தொடங்கியது. 1974இல் அது தேசியமயமாகி, அதன் பணிகள் ஸ்னிம் என்ற அரசுசார் நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல் தாது கப்பலேறுகிறது.

சுரங்கத்தையும் நுவாதிபு துறைமுகத்தையும் ஏறத்தாழ 700 கி.மீ. ஒற்றை ரயில்பாதை இணைக்கிறது. இருநூறுக்கு மேற்பட்ட பெட்டிகளோடு இரண்டு கி.மீ.யைத் தாண்டும் இந்த ரயில் உலகின் மிக நீளமானவற்றுள் ஒன்று. ஊர்மக்கள் தாதுக் குவியலின் மேலேயே ஆட்டுக்குட்டிகளோடும் மூட்டைகளோடும் கட்டணமின்றிப் பயணம் செய்வதுண்டு. தலைப்பாகையால் முகத்தை இறுகச் சுற்றிக்கொண்டாலும் இறங்கும்போது உடலெல்லாம் கரும்புழுதி படிந்திருக்கும். பாதையை அமைத்தபோது ஸ்பெயின் வசமிருந்த மேற்குச் சகாரா நிலத்தைத் தவிர்ப்பதற்காகவே சூம் என்ற இடத்தில் பாறையைக் குடைந்து சுரங்கவழி வெட்டினார்கள். அது பின்னர் கைவிடப்பட்டது.

தாசியாஸ்த் தங்கச் சுரங்கமும், அக்ஜூஜ்த் செம்பு–தங்கச் சுரங்கமும் பிற முக்கிய வருவாய் மூலங்கள். உலகச் சந்தையில் தாது விலை சரிந்தால் அரசு வரவும் சரியும்.

கடல்

கரையோரக் காற்று மேல்நீரைத் தள்ள, ஆழத்திலிருந்து சத்துள்ள குளிர்நீர் எழுவதால் இக்கடல் மீன்வளத்தில் உலகின் செழிப்பான பகுதிகளுள் ஒன்று. பேய்க்கணவாய்தான் விலைமதிப்புள்ள சரக்கு. நுவாதிபு மீனவர்கள் பிளாஸ்டிக் குடுவைகளைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்குவர். ஒளிய இடம் தேடி உள்ளே நுழையும் பேய்க்கணவாய் அப்படியே மேலேறி, பெரும்பாலும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கப்பல்கள் ஒப்பந்தக் கட்டணம் செலுத்தி மீன்பிடிக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்க ஏழை வீடுகளின் உணவான சாளை வகை மீன், மீன்மாவு ஆலைகளில் அரைக்கப்பட்டு அயல்நாட்டு மீன்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போவது நீண்டகாலக் குறை. 1976இல் அமைந்த பான் தார்கென் தேசியப் பூங்காவில் மோட்டார் படகுக்கு இடமில்லை. அங்கு வாழும் இம்ராகென் மக்கள் பாய்மரப் படகில் மடவை பிடிக்கின்றனர்.

மேய்ச்சலும் வேளாண்மையும்

நாடோடிகள் குறைந்தாலும் கால்நடை குறையவில்லை. நகரவாசிகளும் மேய்ப்பரிடம் மந்தை விட்டுவைத்திருப்பர். உயிருள்ள கால்நடை செனகலுக்கும் மாலிக்கும் விற்பனையாகிறது. 1989இல் நுவாக்‌ஷாட்டில் தொடங்கிய திவிஸ்கி பால்பண்ணை ஒட்டகப்பாலைப் பதப்படுத்தி விற்று, மேய்ப்பருக்கு நிலையான வரவை உருவாக்கியது. அத்ரார் பகுதியில் பேரீச்சை அறுவடை கோடைத் திருவிழாவாகும்.

பயிரிடத்தக்க நிலம் மிகக் குறைவு. ஆற்று வெள்ளம் வடிந்த ஈரத்தில் சோளம் விதைப்பது பழைய முறை. தியாமா, மனந்தாலி அணைகள் 1980களில் வந்தபின் பாசன நெல் பரவியது. மதிப்பு உயர்ந்த நிலத்துக்கான போட்டியும் கூடியது. உணவுத் தேவையில் பெரும்பங்கு இன்றும் இறக்குமதியே.

அரசும் புதிய வருவாயும்

1978 முதல் 2008 வரை பல முறை இராணுவப் புரட்சிகள் நடந்தன. 2019இல் முகமது ஊல்து கஸ்வானி பொறுப்பேற்றதே, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவரிடமிருந்து இன்னொருவருக்கு ஆட்சி கைமாறிய முதல் நிகழ்வு. 2024இல் அவர் மீண்டும் வென்றார். நாணயம் ஊகியா, பதின்ம முறைக்கு மாறாக, ஓர் ஊகியாவுக்கு ஐந்து கூம்ஸ்.

மாலியின் போரிலிருந்து தப்பியோர் நாட்டிலுள்ள எம்பெரா அகதி முகாமில் தங்கியுள்ளனர். கேனரி தீவுகளை நோக்கிப் படகேறுவோருக்கு நுவாதிபு ஒரு புறப்பாட்டுத் துறை. 2025 தொடக்கத்தில் கடலடி எரிவாயு உற்பத்தி தொடங்கியது. தோர்த்து அமெயிம் எனப்படும் அந்த வயல் செனகலுடன் பொதுவானது. 1989இல் எல்லையை மூடிக்கொண்ட இரு நாடுகளும் அதன் வருவாயைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்துள்ளன.